ஸ்பீக்கர் போடக்கூடாது

மன்னாரிலிருந்து மறிச்சுக்கட்டிக்குப் போகிற மாலை பஸ்ஸில், சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு மட்டை தொங்கும். பழைய கலண்டரின் பின்பக்கம். கொண்டக்டர் பைறூஸ் அதில் தன் கையாலேயே தடித்த எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: 'போன் கதைக்கிற ஆக்கள் மெல்லக் கதைக்கவும். ஸ்பீக்கர் போடக்கூடாது. பாட்டு, வீடியோ கூடாது. சாரதிக்குப் பக்கத்தில் நின்று போன் எடுக்கவே கூடாது.' கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தான்.

எழுதிப் போட்டால் எங்கள் சனம் கேட்டுவிடுமா? எங்கள் சனத்துக்குப் போனில் மெல்லப் பேச வராது. கட்டாருக்குக் கதைக்கிறவர், கட்டார் எவ்வளவு தூரமோ அதற்கேற்ற சத்தத்தில்தான் கதைப்பார். பஸ் நானாட்டானில் நிற்கும்போதே 'நான் சிலாவத்துறைக்கு வந்திட்டன், தேத்தண்ணியப் போடு' என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்வார். ஒரு தாய் மகளோடு ஸ்பீக்கரில் கதைப்பாள்; மகள் மாமியாரைக் கிழிகிழியென்று கிழிப்பாள்; அந்த மாமியாரின் சொந்தத் தம்பி மூன்றாவது ஆசனத்தில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வருவார். பிறகு அந்தக் குடும்பம் இரண்டானதற்கு பஸ்காரன் என்ன செய்வான்?

பைறூஸ் விடமாட்டான். சில்லறைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே போய் நிற்பான். "காக்கா, உங்கட வீட்டு விசயம் எங்களுக்கு என்னத்துக்கு? குறையுங்கோ." குறைக்காவிட்டால் விசில் அடித்து பஸ்ஸையே நிறுத்துவான். 'போன் பொலிஸ்' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும் என்று விட்டுவிட்டான். போன் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டாலே அவன் தோள் குலுங்குவதைக் கண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தக் காலத்தில் கையில் போன் இல்லாத ஒரே கொண்டக்டர் அவன்தான். மனைவி நிஸ்லாவுக்கு அவசரமென்றால் சாரதி மில்ரனுக்குத்தான் எடுப்பாள், அதுவும் பஸ் நின்ற பிறகு.

சிரித்தவர்களுக்கு முழுவதும் தெரியாத கதை ஒன்று உண்டு. பைறூஸ் பிறவிக் கொண்டக்டர் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்வரை சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்கு மீன் லொறி ஓட்டியவன். பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறான், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, அருவியாற்றுப் பாலத்தைத் தாண்டி வருகிற வளைவில், அரிப்பு என்ற ஊரைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ரைன் என்ற மீனவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். லொறி அவரை அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே உயிர் போய்விட்டது.

பொலிஸில் பைறூஸ் ஒரே ஒரு வசனம்தான் சொன்னான். "சைக்கிள் ஆடி ஆடிக் குறுக்க வந்தது."

குடித்திருந்தார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. 'ஆடி ஆடி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊர் சொன்னது. இரவு குடித்தது முறியவில்லையாம். சாராயப் போத்தல் சைக்கிள் பையில் இருந்ததாம். பிரேத பரிசோதனை அறிக்கையில் குடி என்று ஒரு எழுத்தும் இல்லை என்று அவர் மனைவி எடித் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது? கொன்ஸ்ரன்ரைன் மடு மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர். விட்டு ஒன்பது வருடம். மனைவிக்காக மகள் றொஷேலின் தலையில் கை வைத்துச் சொன்ன சத்தியம் அது. இப்போது அந்தச் சத்தியத்தை முறித்தவர் என்ற பெயரோடு மண்ணுக்குள் கிடக்கிறார். ஊர் சொன்னதைவிட எடித்தைக் கொன்றது வேறு. மகளே அதை நம்பினாள். "அப்பா எங்களை ஏமாத்திப்போட்டார்" என்று சுவரிலிருந்த படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பேசாலையில் பெரியம்மா வீட்டோடு போயிருந்துவிட்டாள்.

அந்த வளைவில் நடந்தது என்னவென்று பைறூஸுக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிள் நேராகத்தான் வந்தது. லொறியில் முன்பக்கத் தட்டில் வைத்திருந்த போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை விடிந்தால் எல்லாருக்கும் எல்லாரும் அனுப்புவார்களே, அதுதான். சிவப்பு ரோசாப்பூ ஒன்று, கீழே 'ஜும்ஆ முபாரக்' என்று மினுங்குகிற எழுத்து. யார் அனுப்பியது என்று பார்க்க ஒரு விரலால் தள்ளினான். நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு ரோசாப்பூப் படத்துக்காக ஒரு மனிதன் செத்துப்போனான். இதை யாரிடம் சொல்வது?

வழக்கு நடந்தது, தண்டப்பணம் கட்டினான், லைசன்ஸைப் பறித்தார்கள். சட்டம் அதோடு அவனை விட்டது. அவன் நெஞ்சு விடவில்லை. கடைசியில், தன்னை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத புத்தளத்துக்குப் போய் ஒரு மௌலவியிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்காகக் கேக்கிறன்" என்று தொடங்கினான். மௌலவிக்கு விளங்காமலா இருக்கும்? அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கட ஆளிட்டச் சொல்லுங்கோ. முதலாவது, அந்தக் குடும்பத்திட்டப் போய் உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேக்கட்டும். ரெண்டாவது, அறுவது நோன்பு. தொடர்ந்து. இடையில ஒண்டு போனாலும் திரும்ப ஒண்டில இருந்து தொடங்கவேணும்."

பைறூஸ் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டான். பசி கிடப்பது லேசு. அரிப்பில் போய் அந்தக் கதவைத் தட்டுவதைவிட ஆயிரம் மடங்கு லேசு. முதலில் நோன்பு முடியட்டும், பிறகு போவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாராவது கேட்டால் "சும்மா நன்மைக்குப் பிடிக்கிற சுன்னத்து நோன்பு" என்றான். நிஸ்லாவிடம்கூட அதைத்தான் சொன்னான். றமழானுக்கு முன் அறுபதும் முடிந்துவிட வேண்டும் என்று நாள் பார்த்துத்தான் தொடங்கினான்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், எடித் அதே பஸ்ஸில்தான் தினமும் வருவாள். மன்னார் பஸாரில் ஒரு தையற்கடையில் அவளுக்கு வேலை. இருக்கிறது இந்த ஒரு பஸ். அவள் வேறு எதில் வருவாள்? இடது பக்கம் நான்காவது ஆசனம், யன்னல் ஓரம். டிக்கட்டுக்குக் கை நீளும், இவன் வாங்குவான், அவள் முகத்தை இவன் பார்க்கமாட்டான், இவன் முகத்தை அவள் பார்க்கமாட்டாள். இரண்டு வருடமாக ஒரு சொல் இல்லை. அந்த வளைவில் குடும்பத்தார் நட்ட வெள்ளைச் சிலுவை ஒன்று நிற்கிறது. அந்த இடம் வந்தால் மில்ரன் வேகத்தைக் குறைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். பைறூஸ் அப்போது பார்த்து சில்லறை எண்ணத் தொடங்குவான்.

அன்று வியாழக்கிழமை. ஐம்பத்தெட்டாவது நோன்பு.

வழக்கமாக நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பஸ் சிலாவத்துறைச் சந்தியில் நிற்கும். பொழுதுபட்டு, பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, பைறூஸ் படியில் குந்தி நோன்பைத் திறப்பான். அன்று நானாட்டான் தாண்டி ரயர் வெடித்தது. மாற்று ரயரைக் கழற்றினால் அதிலும் காற்று இல்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே போயிற்று. பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது மாசி மாதத்தில் இல்லாத மழை மேகம் வானத்தை மூடியிருந்தது. பொழுது பட்டதா இல்லையா என்று ஒரு மனிதராலும் சொல்ல முடியாது. பைறூஸின் கையில் மணிக்கூடு இல்லை. பஸ்ஸின் மணிக்கூடு இரண்டு பத்தில் நின்று ஐந்து வருடம்.

தாமதமானதில் பஸ் முழுவதும் போன். "ரயர் போயிட்டுது!" "சோத்தை வடிச்சு வையுங்கோ!" "ஹலோ, கேக்குதோ? ஹலோ!" ஆளுக்கு ஆள் கத்தினார்கள். பைறூஸுக்கு அன்று வாய் திறக்கச் சீவன் இல்லை. சட்டைப் பையில் ஒரு ஈச்சம்பழம், கையில் தண்ணீர்ப் போத்தல். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு இருட்டுகிற வெளியைப் பார்த்தபடி நின்றான். இன்றோடு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு.

அப்போதுதான் பாங்கு ஒலித்தது.

பரீனா மாமியின் பையிலிருந்து. மறிச்சுக்கட்டி மனுசி. மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் காத்தான்குடிக்குப் போய், நாற்பது நாள் இருந்து பார்த்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்புகிறாள். மடியில் மூன்று பை, காலடியில் ஒரு பெட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் போன். பாங்கு தெளிவாக, அழகாக, பஸ் முழுவதும் கேட்டது. கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட மரியாதைக்குச் சத்தத்தைக் குறைத்தார்கள். வேறு சத்தமென்றால் பைறூஸ் பாய்ந்திருப்பான். பாங்கை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது? பாங்கு கேட்டபின் நோன்பு திறக்கச் சுணங்கக்கூடாது. அது நாற்பது வருடப் பழக்கம், யோசித்துச் செய்கிற காரியமே அல்ல. பிஸ்மி சொல்லி ஈச்சம்பழத்தை வாயில் போட்டான். ஒரு மிடறு தண்ணீர், இன்னொரு மிடறு. வறண்ட தொண்டையில் இறங்கியபோது கண்ணே கலங்கியது.

"நானா, பொறுங்கோ!" பின் ஆசனத்திலிருந்து ஷிராஸ் மாஸ்டர் எழுந்தார். கொண்டச்சிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். தன் போனைத் தூக்கிக் காட்டினார். "இப்ப ஆறு பதினஞ்சுதான். எங்களுக்கு ஆறு இருவத்திரண்டுக்கெல்லோ. இன்னும் ஏழு நிமிசம் கிடக்கு."

"அதெப்பிடி?" என்றாள் பரீனா. "மருமகன் போட்டுத் தந்தது. காத்தான்குடியில நாப்பது நாளும் பிசகாமச் சொன்னது."

"அதுதான் மாமி. அது காத்தான்குடிப் பாங்கு. கிழக்குக் கரையில பொழுது முந்திப் படும். உங்கட போன் இன்னும் ஊர் மாறேல்ல."

பைறூஸ் வாயிலிருந்த பழத்தைக் கையில் துப்பினான். தண்ணீரை எப்படித் துப்புவது? ஐம்பத்தேழு நாள். விடிய முதல் சஹர் சோற்றுக்கு எழும்பி, தலை சுற்ற வெயிலில் தொங்கி, பொய் சொல்லிச் சொல்லிப் பிடித்த ஐம்பத்தேழு நாளும் ஒரு மிடறு தண்ணீரோடு போயிற்று. கோபம் உச்சிக்கு ஏறியது.

"பஸ்ஸுக்குள்ள போன் சத்தம் வைக்கக்கூடாதெண்டு எழுதிப் போட்டிருக்கெல்லோ! கண் தெரியாதோ உங்களுக்கு?"

"பாங்கு தம்பி அது! பாங்கையும் நிப்பாட்டவோ?" பரீனாவுக்கும் சுறுக்கென்று வந்தது. "தெரியாமத் திறந்தது. சுன்னத்து நோன்பெண்டு நீங்கதானே சொன்னீங்க, அதைக் கழாவாத் திரும்பப் பிடிக்கிறதும் கடமையில்ல. ஒரு நோன்புக்கு ஏன் இந்தத் துள்ளு துள்ளுறீங்க?"

"ஒண்டில்ல மாமி!" அவன் கத்தினான். "அறுவது! அறுவதும் போச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது.

பஸ்ஸில் இருந்த முஸ்லிம்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தொடர்ந்து அறுபது நோன்பு என்றால் யாரும் நன்மைக்குப் பிடிப்பதில்லை. பரீனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாருடைய கண்களும், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, நான்காவது ஆசனத்துக்குப் போய் மீண்டன. போன்கள் எல்லாம் மடிக்கு இறங்கிவிட்டன. யாரோ ஒருவரின் போனில் மட்டும் "ஹலோ... ஹலோ..." என்று ஒரு பெண் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதையும் நிறுத்தினார்.

எடித் திரும்பினாள். அத்தனை கண்ணும் ஏன் தன்மேல் விழுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. "மாஸ்டர், என்ன அது அறுவது?"

ஷிராஸ் மாஸ்டர் மறுபடி ஆசனத்தில் உட்கார்ந்தார். "அது... எங்கட மார்க்கத்தில ஒரு பரிகாரம் அக்கா."

"என்னத்துக்குப் பரிகாரம்?"

"கைத்தவறுதலா... ஒரு உசிர் போனால்." அவர் பைறூஸைப் பார்க்காமல் சொன்னார். "எங்கட பிழையால போனால்."

"எங்கட பிழையால போனால்" என்று எடித் மெல்லத் திருப்பிச் சொன்னாள். பிறகு எழுந்து நின்றாள். "மில்ரன், பஸ்ஸ நிப்பாட்டும்."

மில்ரன் நிறுத்தினான். எங்கே நிற்கிறோம் என்று அவன் பார்க்கவில்லை. முன் வெளிச்சத்தில் வெள்ளைச் சிலுவை தெரிந்தது.

பைறூஸின் வாயில் பொய் தயாராக இருந்தது. அது வேறு விசயம் அக்கா, நேர்ச்சை, நிஸ்லாவுக்குச் சுகமில்லாமல் இருந்தபோது நேர்ந்தது. எவ்வளவு இலகுவாக வந்துவிடும்! இரண்டு வருடத்துக்கு முன் பொலிஸில் வந்ததே, அதைப்போல. அவன் வாயைத் திறந்தான். ஈச்சம்பழத்தின் இனிப்பு இன்னும் நாக்கில் ஒட்டியிருந்தது. அந்த இனிப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அறுபது நாளும் பசி கிடந்து முடித்திருந்தால் இந்தப் பெண்ணிடம் போயிருப்பேனா என்று ஒரு கேள்வி வந்தது. போயிருக்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

எடித் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஒண்டுதான் கேக்கிறன். அவர் ஆடி ஆடியோ வந்தவர்?"

"இல்ல அக்கா."

"எப்பிடி வந்தவர்?"

"நேரா வந்தவர். தன்ர பக்கத்தில, ஓரமா, நேரா வந்தவர். நான்தான்... போன் ஒண்டு வந்தது. படம். அதைப் பாத்தனான். நிமிந்து பாக்க..."

மில்ரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். எடித் அடிப்பாள் என்று பைறூஸ் நினைத்தான்; அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை, அழவுமில்லை. தோளில் மாட்டியிருந்த பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தது போன். மூலை உடைந்த பழைய போன். ஒரு பெயரைத் தேடி அழுத்தினாள், பிறகு இன்னொரு பொத்தானை அழுத்தினாள். போன் அடிக்கிற சத்தம் பஸ் முழுவதும் கேட்டது.

"உங்கட பஸ்ஸில ஸ்பீக்கர் போடக்கூடாதெண்டு தெரியும்" என்றாள். "இண்டைக்குப் போடுறன்."

பேசாலையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அதற்கிடையில் ஷிராஸ் மாஸ்டரின் போனில் பாங்கு தொடங்கியது. மன்னாருக்கான பாங்கு, சரியான நேரம். அவர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்துச் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டார். பைறூஸின் கையில் தண்ணீர்ப் போத்தல் மூடி திறந்தபடி இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"என்னம்மா?" சலித்த இளங்குரல். "பஸ்ஸிலயோ நிக்கிறீங்கள்? ஏன் ஸ்பீக்கரில போட்டிருக்கிறீங்கள்?"

"றொஷேல், ஒரு ஆள் உன்னோட கதைக்கவேணுமாம். வைக்காமக் கேள்." எடித் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தக் கை நடுங்கவே இல்லை.

"பிள்ளை," என்றான் பைறூஸ். "நான் பைறூஸ். லொறி ஓடின ஆள். உங்கட வாப்பா... அப்பா..."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அப்பா குடிக்கேல்ல. ஆடேல்ல. நேராத்தான் வந்தவர். ஆடினதெண்டு நான் சொன்னது பொய். போனைப் பாத்தது நான்."

அவன் சொன்னது பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. பின் ஆசனங்களில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். போனில் ஒரு கரகரப்பு.

"என்ன? கேக்கேல்ல" என்றாள் றொஷேல். அவள் குரலும் இப்போது வேறாக இருந்தது. "திரும்பச் சொல்லுங்கோ."

"பலமாச் சொல்லுங்கோ" என்றாள் எடித். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

பைறூஸ் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான், கட்டாருக்குக் கதைக்கிறவர்கள் கதைக்கிற சத்தத்தில்.